உப்புக் கேட்டவள்

நண்பர் ஒருவர், ஒரு தினசரியின் ஞாயிறு இணைப்பில் தாம் எழுதிவரும் பத்தியில், என் மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயர் இல்லை. 'ரசனை, ரசனை என்று முப்பது வருஷமாகச் சிறுபத்திரிகைகளில் எழுதிவருகிற ஒருவரின் மனைவி' என்று மட்டும் இருக்கிறது. தெரிந்தவர்களுக்கு இது போதும். நண்பரின் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. சொன்னால் விவகாரம் ஆளைப் பற்றியதாகிவிடும். நம்மிடையே எல்லா விவகாரங்களும் கடைசியில் அப்படித்தான் ஆகியிருக்கின்றன. அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு தேர்ந்த சமையற்கலைஞன் அனுப்பிய தட்டின் முன் உட்கார்ந்து உப்புக் கேட்பது, ஒரு ஓவியத்தின் முன் நின்று இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தால் தேவலை என்று சொல்வதற்குச் சமம். நாக்கைப் பழக்கிக்கொள்ளாத சமூகத்திடம் கவிதையைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

கதையை அவருக்குச் சொன்னவன் நான்தான். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுதியதற்கும் நான் சிரித்ததற்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது அச்சில் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆகவே இந்தப் பதில் அவருக்கு மட்டுமானதல்ல.

நடந்தது இவ்வளவுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் பெண், எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதற்காக, சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் ஆசிய உணவகத்தில் இரண்டு பேருக்கு இரவுச் சாப்பாடு என்று பணம் கட்டி, சீட்டை ஃபோனில் அனுப்பிவிட்டாள். மரக்காணத்திலிருந்து சென்னை சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். மத்தியானம் பஸ் ஏறினோம். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஏ.சி. குளிருக்கென்று ஒரு சால்வையும் எடுத்துக்கொண்டாள்.

மெனுவைப் படிப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ஜப்பானிய நாவல்களை இங்கிலீஷில் வரிசையாகப் படித்தவன். மிஸோ என்றால் என்ன என்று தெரியும், வாயில் வைத்ததில்லை. நம் விமர்சன அறிவில் பாதி இந்த ரகத்தைச் சேர்ந்தது. அவளுக்கு ஒவ்வொன்றாக விளக்கினேன். இது அவித்த கொழுக்கட்டை மாதிரி, இது சோயா மொச்சையைப் புளிக்கவைத்த சூப், இது பச்சைப் பப்பாளிக்காயைத் துருவி இடித்தது. அவள் கேட்டுக்கொண்டாள். பப்பாளிக்காய் வந்ததும் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "இதுல கருவாட்டுத் தண்ணி ஊத்தியிருக்காங்க" என்றாள். எலுமிச்சை, வெல்லம், மிளகாய், வேர்க்கடலை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த ஒன்றை ஒரு வாயில் எடுத்துவிட்டாள். பரிமாறிய பையன், "ஃபிஷ் ஸாஸ், மேடம்" என்றான். "அதைத்தாம்பா சொன்னேன்" என்றாள் அவள்.

பிறகு மீன் வந்தது. மெனுவில் அதற்கு வேறு பெயர். அவள் பார்த்ததும் கொடுவா என்று சொல்லிவிட்டாள். இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்தது. நல்ல மீன், பதமாக வெந்திருந்தது, உப்பு மட்டும் கம்மி. எனக்கும் அது தெரிந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நண்பரிடம் கதை சொன்னபோது இதைச் சொல்லாமல் விட்டேன். "ஏங்க, உப்பு பத்தல. கொஞ்சம் கேளுங்க" என்றாள். "இங்கெல்லாம் அப்படிக் கேக்கக் கூடாது" என்றேன், குரலைத் தாழ்த்தி. "ஏன்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளே பையனைக் கூப்பிட்டாள். "தம்பி, கொஞ்சம் உப்பு குடுப்பா."

பையன் மணிப்பூர்க்காரன். இந்த மாதிரி உணவகங்களில் வடகிழக்குப் பிள்ளைகளை எதற்காக வைத்துக்கொள்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம்தான்; முகம் மெனுவோடு பொருந்த வேண்டும். மூன்று வருஷத்தில் கொஞ்சம் தமிழ் பிடித்திருந்தான். "ஷெஃப் எல்லாம் சரியா பேலன்ஸ் பண்ணியிருக்கார், மேடம்" என்றான், பாடம் ஒப்பிக்கிற குரலில். அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். அவர் தமிழர். விளக்கத்தை அவளுக்குச் சொல்லாமல், எனக்கு, இங்கிலீஷில் சொன்னார். நானும் தலையாட்டினேன். பத்து நிமிஷம் கழித்து ஒரு சின்னக் கருங்கல் பலகையில் ரோஸ் நிறத்தில் ஒரு சிட்டிகை தூள் வந்தது. இமயமலை உப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்துப்புதானே, நாட்டு மருந்துக் கடையில கிடைக்குமே. வயித்து உப்புசத்துக்குக் குடுப்பாங்க" என்றாள். மீனில் தூவிக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

நான் பக்கத்து மேஜைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். அந்த மேற்பார்வையாளரின் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கிழக்காசியச் சமையலில் உப்பு வெறும் உப்பாக வருவது குறைவு. சோயா ஸாஸாக, மிஸோவாக, மீன் ரசமாக வருகிறது. மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் தொட்டியில் அடைத்து ஒரு வருஷம் போலப் போட்டுவைத்தால் கீழே இறங்குவதுதான் வியட்நாமியர்களின் நூக் மாம். சோயா ஸாஸிலும் மிஸோவிலும் உப்பு இல்லாவிட்டால் அவை புளிக்கா, அழுகும். ஆகவே மேஜையில் உப்புக் குப்பி இல்லாமலிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நண்பர் இதைச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. அவருக்கு இது தெரியும் என்பதற்கு அவர் பத்தியில் அடையாளமும் இல்லை. கலைஞனின் சுதந்திரம் என்ற ஒன்றைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

அந்தச் சுதந்திரம் ஆசியாவுக்குத் தெரியாது. தாய்லாந்தில் ஒரு சாதாரண நூடுல்ஸ் கடையில் மேஜைக்கு மேஜை நாலு கிண்ணம் இருக்கும்: மிளகாய் நறுக்கிப் போட்ட மீன் ரசம், மிளகாய் ஊறிய வினிகர், வறுத்த மிளகாய்த்தூள், சர்க்கரை. தட்டு வந்ததும் சாப்பிடுகிறவன் தன் நாக்குக்குத் தக்கபடி சரிசெய்துகொள்வான். சமைத்தவர் கோபித்துக்கொள்வதில்லை. பாதி வேலை சாப்பிடுகிறவனுடையது என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். வியட்நாமிலும் தொட்டுக்கொள்ளும் கிண்ணம் சாப்பிடுகிறவன் கைப்பக்கம்தான் இருக்கிறது. சமைத்தவன் வைத்ததே முடிவு, அதைத் தொடுவது அவமரியாதை என்கிற சட்டம் பாரிஸிலும் நியூயார்க்கிலும் நட்சத்திரங்களுக்காகச் சமைப்பவர்களிடமிருந்து வந்தது. அதை ஆசியாவின் பேரில் சென்னையில் விற்கிறார்கள். நண்பர் அதை வாங்கி, ரசனையின் பேரில் நமக்கு விற்கிறார்.

இந்த 'ஆசிய' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, சென்னைக்காரன் சமைப்பது ஆசியச் சமையல் அல்ல என்று எப்படி முடிவாயிற்று? லண்டனில் ஆசியன் என்றால் பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்களைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் அந்தச் சொல் சீனா, ஜப்பான், கொரியாப் பக்கம் சாய்கிறது. நாம் அமெரிக்க அகராதியை எடுத்துக்கொண்டுவிட்டோம். அந்த அகராதிப்படி வங்காள விரிகுடாவுக்கு அப்பால்தான் ஆசியா ஆரம்பிக்கிறது. இந்தக் கரையில் இருக்கிற நாம் ஐரோப்பியர்களைப் போல நாற்காலி போட்டு அதை ருசி பார்க்கிறோம். ஆகவேதான் நெத்திலியும் உப்பும் சேர்ந்து ஊறினது ஃபிஷ் ஸாஸ் என்றால் நாகரிகம்; அதே நெத்திலி அதே உப்பில் காய்ந்து கருவாடு என்று வந்தால் அந்த ஹோட்டலின் சமையலறைப் பக்கம்கூட அண்டவிட மாட்டார்கள், லிஃப்டில் வாசனை ஏறும் என்று. இரண்டும் ஒன்று என்று ஒரு வாயில் கண்டுபிடித்தவள் அந்த அறையில் ஒருத்திதான். பழக்கப்பட்ட நாக்கு யாருடையது என்று நண்பர் யோசித்துப் பார்க்கட்டும்.

நண்பருக்கு நான் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. பையன் தட்டுகளை எடுக்க வந்தபோது அவனும் அவளும் பேசிக்கொண்டார்கள். கருவாடு என்று அவள் சொன்னது அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. தங்கள் ஊரில் ங்காரி என்று ஒன்று, சின்ன மீனை உலர்த்திப் பானையில் அடைத்துப் புளிக்கவைப்பது, அது இல்லாமல் சோறு இறங்காது என்றான். "உங்க ஊர்ல கடலே இல்லியே, உப்பு எங்கேருந்து வரும்?" என்று கேட்டாள். முன்பெல்லாம் உப்புக் கிணறுகள், அந்தத் தண்ணீரைக் காய்ச்சி வட்டமாகத் தட்டி எடுப்பார்கள், பாட்டி அதைத்தான் பூஜைக்கு வைப்பாள், இப்போது லாரியில் வருகிறது என்றான். இவள் தன் ஊரைச் சொன்னாள். ஆசியா அந்த உணவகத்தில் இருந்தது என்றால் அந்த மூன்று நிமிஷம்தான் இருந்தது. மேற்பார்வையாளர் பார்த்ததும் பையன் நிமிர்ந்து நின்று தட்டுகளோடு போய்விட்டான்.

அவள் சொன்ன ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே போனால் நானும் அந்த மெனுவை எழுதியவனைப் போலத்தான்.

மரக்காணத்தில் உப்பு 'தயாராவது' இல்லை, விளைகிறது. அதுதான் அங்கே சொல். மழைக்காலம் முழுக்கப் பாத்திகள் தண்ணீரில் கிடக்கும். மழை நின்று தண்ணீர் வடிந்ததும், தை மாதவாக்கில், சேற்றை வாரி, வரப்பு கட்டி, களிமண் தரையைக் காலால் மிதிப்பார்கள். கால் புதையாத பதம் வரும்வரை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்போடு மண் வரும். பிறகு உவர்த் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு விட்டு விட்டு வெயிலில் சுண்டவைப்பது. கடல்நீர் போமே மானியில் மூன்று டிகிரி மாதிரி இருக்கும். இருபத்தைந்தை ஒட்டி வரும்போது உப்பு பூக்கத் தொடங்கும். முப்பதைத் தொட விட்டால் மக்னீஷியம் உப்புகள் சேர்ந்து கசந்துபோகும். அந்த இடைவெளிக்குள் கசப்புத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும், பலகை போட்டு வார வேண்டும். என் மாமியாரின் கையில் மானி கிடையாது. தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார், காலில் படும் பிசுபிசுப்பைப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் விரலை நனைத்து நாக்கில் வைப்பார். கசப்பு தட்டுவதற்கு முந்திய கணத்தில் நிறுத்தத் தெரிந்தவர். பேலன்ஸ் என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு நான் பார்த்த மிகச் சரியான அர்த்தம் அதுதான். என் மனைவி கல்யாணமாகும்வரை அவர் பின்னால் கூடை சுமந்தவள். ரோஸ் உப்பை அவள் விரலில் தொட்டு நாக்கில் வைத்தது வீட்டு அடுப்படியில் பழகிய காரியம் இல்லை. அது பாத்தி ஓரத்துக் காரியம்.

இதைச் சொல்வதால் அந்த இரவுச் சாப்பாட்டுப் பணத்தில் எத்தனை மூட்டை உப்பு வாங்கலாம் என்று கணக்குப் போடப்போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கணக்கு மலிவானது. கட்ச் ரண்ணின் உப்புத் தொழிலாளிக்குச் செத்த பிறகும் கால் வேகாது என்று எழுதிக் கண்ணீர் வரவழைக்கிற ரகமும் எனக்கு ஆகாது. அந்தக் காலுக்கு ஒரு ரப்பர் பூட்ஸ் கிடைக்குமா என்பதுதான் விஷயம். மழை மாதங்களில் வேலை கிடையாது. அதற்கென்று 5,000 ரூபாய் நிவாரணம் கொடுப்பதைத் தமிழக அரசு 2022இல்தான் ஆரம்பித்தது. அதே வருஷம் அரசின் உப்புக் கழகம் தன் உப்புக்கு 'நெய்தல்' என்று பெயரும் வைத்தது. திணையை உப்புப் பொட்டலத்தில் ஏற்றுவதில் கவிஞர்களை அரசாங்கம் முந்திக்கொண்டுவிட்டது.

உப்புக் கேட்பது இந்தக் கரையில் ஒருபோதும் வெறும் நாக்கின் விஷயமாக இருந்ததில்லை. 1805இல் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1815இல் பிரெஞ்சுக்காரர்களோடு ஓர் உடன்படிக்கை: அவர்கள் பகுதியில் தேவைக்கு மிஞ்சி விளையும் உப்பைத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமைக்காக வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுத்தது. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே உப்பு ஒரு எல்லைக்கோடாக இருந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணம்வரை வந்த பிறகு உப்பு தோணியில் சென்னைக்குப் போயிற்று; இங்கே அதை வாரியவள் தன் வீட்டுக்கு ஒரு பிடி எடுத்தால் குற்றம். அந்தப் பக்கம், கடலுக்கு அப்பால், 1897 முதல் 1902 வரை இந்தோசீனாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த பால் தூமேர் காலத்தில் உப்பு, சாராயம், அபின் மூன்றும் பிரெஞ்சு அரசின் ஏகபோகம். நூக் மாம் போடுகிறவனும் வரி கட்டிய உப்பில்தான் போட வேண்டும். இந்த இரண்டு கரையையும் இணைக்கிற சமையல் குறிப்பு ஒன்று வேண்டுமானால் இதுதான். 1930 ஏப்ரலில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளப் போனவர்கள் யாருடைய பேலன்ஸைக் கெடுத்தார்கள் என்று நண்பர் சொல்வாரா?

இனி நமக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். நண்பரின் சட்டம் எங்கிருந்து வந்தது? பாதி பாரிஸ் சமையலறையிலிருந்து என்று சொன்னேன். மீதிப் பாதி நம்மிடமிருந்து. விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1949இல், ஒரு கவிதை வாசகனிடம் என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதைக் கொண்டு கவிதையை மதிப்பிடுவது தவறு என்று எழுதினார்கள். அவர்கள் சூழலில் அதற்கு ஒரு தேவை இருந்தது. நாம் அதை இறக்குமதி செய்து வேறொன்றுக்குப் பயன்படுத்தினோம். 'புரியவில்லை' என்று கார்டு எழுதிய வாசகனை அடிப்பதற்கு. கவிஞன் வைத்ததே முடிவு. உனக்குப் பற்றவில்லை என்றால் உன் நாக்கில் கோளாறு. இதை நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று பழைய இதழ்களைப் புரட்டினால் கூச்சமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிடிக்காத கவிதையைத் திட்ட நாமே எடுக்கிற சொல் 'உப்புச் சப்பற்றது'. வாசகன் அதையே கொஞ்சம் மரியாதையாக, உப்பு பத்தவில்லை என்று சொன்னால் ரசனைக் குறைவு. சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று ஊரில் கேட்கிறார்களே, அதற்குச் சுரணை இருக்கிறதா என்று பொருள். உப்பில்லாததை உப்பில்லை என்று சொல்லத் தயங்குவதை நாம் ரசனை என்று அழைத்துவந்திருக்கிறோம். ஊர்க்காரர்களிடம் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் நான் ஒரு கவிதை எழுதினேன். உப்பளம், நண்பகல், வெண்மை, எல்லையற்ற வெறுமை, நடுவில் ஒரு நாரை. நாலைந்து பேர் பாராட்டினார்கள். ஒருவர் இருத்தலியல் வெறுமையின் ஸ்தூலப் படிமம் என்று எழுதினார். இவள் படித்துவிட்டு, "எந்த மாசம் பாத்தீங்க?" என்று கேட்டாள். சித்திரை என்றேன். "சித்திரையில வெள்ளையா இருந்தா விளைஞ்சிருக்குன்னு அர்த்தம். எங்கம்மாவுக்கு அன்னிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வெறுமைன்னா ஐப்பசியில போய்ப் பாருங்க" என்றாள். நான் அன்றைக்கும் சிரித்தேன். அறுவடையைப் பார்த்துப் பாலைவனம் என்று எழுதியிருந்தேன், அது நவீன கவிதை என்று பெயர் வாங்கியது. அந்தக் கவிதையில் உப்பு இல்லை. உப்பளம் மட்டும் இருந்தது. அவள் அப்போதே உப்புக் கேட்டாள்.

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரை வைத்துக் 'கரிப்பு மணிகள்' எழுதியபோது, தகவல் சேகரிப்பு, கலையாகவில்லை என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த நாவலில் கலைக்குறை உண்டு, இப்போதும் சொல்வேன். ஆனால் உப்பு வாருகிறவளுக்குக் கண் ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எழுத்தாளர் அந்த வெயிலில் போய் நின்றார், நாங்கள் நிற்கவில்லை. நாங்கள் குறையை மட்டும் பார்த்தோம். எங்களுக்கு அந்த வெயில் ஒரு படிமமாகத் தேவைப்பட்டது, வெயிலாகத் தேவைப்படவில்லை.

மரபு தெரியாதவர்கள் என்று நண்பர் நம்மைக் கடிந்துகொள்கிறார். சரி, மரபுக்கே போவோம். சிறுபாணாற்றுப்படை எழுதிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர். மரக்காணத்திலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் நாடு அது. அவர் பாட்டில் வருகிற எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. 269 அடியில் அவர் செய்திருப்பதை இன்றைய பாஷையில் சொன்னால், எங்கே போனால் என்ன கிடைக்கும் என்ற சாப்பாட்டு வழிகாட்டி. பட்டினத்தில் நுளைச்சி வடித்த தேறலும் சுட்ட குழல்மீனும். வேலூரில் எயிற்றி சமைத்த சோறும் இறைச்சியும். ஆமூரில் நண்டுக் கறியோடு சோறு. கடைசியில் நல்லியக்கோடனின் அரண்மனை. அங்கே பொற்கலத்தில், பீமன் எழுதிய மடைநூலின்படி சமைத்த விருந்து. நட்சத்திர ஹோட்டலேதான். ஆனால் ராஜா தானே நின்று பரிமாறுகிறான். பத்து நிமிஷம் காக்கவைத்துக் கல் பலகையில் அனுப்பவில்லை.

இந்தப் பாட்டின் இன்னொரு இடம்தான் எனக்கு முக்கியம். விருந்துக்குப் போய் வந்த பாணன், தன் பழைய அடுப்படியைச் சொல்கிறான். கூரை சரிந்த அட்டில், பாலில்லாத நாய், கண் திறக்காத குட்டிகள். கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கு வழியில்லாமல் வெறுமனே வேகவைத்து, பார்க்கிறவர்கள் ஏளனமாக நினைப்பார்களே என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறாள். உமணர் வண்டிகள் போகிற நாட்டில், உப்பு விளைகிற கரையோரக் கவி எழுதிய பாட்டில், உப்பில்லாத கீரை. பொற்கலத்தையும் இந்த அடுப்பையும் ஒரே பாட்டில் வைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றை மற்றொன்றால் அளக்கவும் தெரிந்திருந்தது. அந்த உணவகத்தின் மெனுவில் ஒன்றுதான் இருக்கிறது. நண்பரின் பத்தியிலும் ஒன்றுதான். நம் பத்திரிகைகளில் இரண்டும் இருந்த இதழ் எது என்று தேடிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. தேறல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: அரிசியில் வடித்த ஜப்பானிய மதுவுக்கு அந்த மெனுவில் முழுதாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நத்தத்தனார் நடந்த கரை அது.

கதவைச் சாத்தியவளைப் பற்றி இவ்வளவு காலமும் வறுமை என்றுதான் வகுப்பில் பாடம் நடத்தினேன். நாணத்தைப் பற்றி நடத்தவில்லை. உப்பு இல்லை என்பதைவிட உப்பு இல்லை என்று தெரிந்துவிடுமே என்பதுதான் அங்கே நடப்பது. அந்த ஹோட்டலில் குரலைத் தாழ்த்தி 'இங்கெல்லாம் கேக்கக் கூடாது' என்றேனே, கதவைச் சாத்தப் போனது நான். அவள் சாத்தவில்லை. பட்டுப்புடவையும் சால்வையுமாக உட்கார்ந்து, ஒரு பையனைத் தம்பி என்று கூப்பிட்டு, இல்லாததை இல்லை என்று சொன்னாள். அவளை ரசனையற்றவள் என்று எழுத நண்பருக்கு உரிமை உண்டு. எழுதுவதற்கான தகவலைக் கொடுத்த நான்தான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன்.

பத்தியை அவளிடம் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "மீன் நல்லாத்தானே இருந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லலியா நீங்க?" என்று கேட்டாள். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: மீன் நன்றாகத்தான் இருந்தது, உப்பு கம்மி.

நண்பர் சித்திரையில் ஒரு நாள் மரக்காணம் வரட்டும். சென்னையிலிருந்து நிறைய பஸ் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கே பாத்திக்குப் போய்விடலாம். எட்டு மணிக்கு மேல் அவரால் கண்ணைத் திறந்துகொண்டு நிற்க முடியாது. மத்தியானம் வீட்டில் கொடுவா கிடைத்தால் கொடுவா, இல்லாவிட்டால் கருவாட்டுக் குழம்பு. மேஜை இல்லை, தரையில்தான். இலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு வைத்துவிட்டு, "உப்பு பாத்துக்கங்க" என்று அவள் சொல்வாள். வருகிறவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாள்.